நோரீன் சுற்றிப் பார்க்காத குப்பி

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தைக் கிளப்புவதற்கு முன் நோரீன் ஸ்டாகெட் அதை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவாள். கோயிலைச் சுற்றுவது போலத்தான், ஆனால் கும்பிடுவதற்கு அல்ல, சந்தேகப்படுவதற்கு. கையில் ஒரு சின்ன மரச்சுத்தி இருக்கும். டயர் ஒவ்வொன்றையும் தட்டி அதன் குரலைக் கேட்பாள். விளக்குகளை எரியவிட்டு எண்ணுவாள். பின்பக்க அவசரக் கதவைத் திறந்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பாள். பனியில் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் எங்காவது எண்ணெய் சொட்டுகிறதா என்று தேடுவாள். இருபத்தாறு வருஷம் இப்படி. புதுசாக வந்து சேர்ந்த ஓட்டுநர்கள் அலுத்துக்கொண்டால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு.

"நேத்து நல்லா இருந்துச்சுங்கறது நேத்து சங்கதி."

கொலராடோவின் மேற்குச் சரிவில், ஹேன்சன் ஃபோர்க் பள்ளத்தாக்கில் அவளைத் தெரியாதவர் கிடையாது. இப்போது வங்கியில் உட்கார்ந்திருப்பவர், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், சிறைக்குப் போய்விட்டு வந்தவர், எல்லாருமே ஒரு காலத்தில் பதினேழாம் எண் பேருந்தில் மூக்கொழுக ஏறியவர்கள்தான். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதும் இல்லை, ஏனென்றால் நாற்பத்தோரு பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் அந்த வேலையை நேசித்தது பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. முதல் பிள்ளை ஏறும் இடம் தட்டைமலையின் உச்சியில் இருந்தது. அதுவரை நாற்பது நிமிஷம் வண்டி காலி. கீழே பீச் தோட்டங்களில் மூடுபனி பால் மாதிரி படுத்துக் கிடக்கும். வேலிக்கு அப்பால் மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, இவள்தானா என்று மறுபடி குனிந்துகொள்ளும். வண்டிக்குள் வெப்பக்காற்றின் மெல்லிய இரைச்சல், முகப்பு விளக்கின் முன்னே சுழலும் பனித்தூள், கிழக்கே ஒரு கோடாகத் தொடங்கி மெல்ல அகலும் வெளிச்சம். அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவளும் இல்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் யாரும் குடியேறாத ஊர் ஒன்று இருப்பதாகவும், தினமும் அதன் வழியாகத் தான் மட்டும் போய்வருவதாகவும் அவளுக்குத் தோன்றும்.

"காலி பஸ்ஸை வச்சுக்கிட்டு ஊர் சுத்தறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க" என்பான் அவள் கணவன் கிளின்ட். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வெளிச்சமே பார்க்காமல் உழைத்தவன். சுரங்கம் மூடிய பிறகு கேலி செய்வதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவன்.

ஐம்பத்தெட்டாம் வயதில் கட்டைவிரல்களில் வலி வந்து குடியேறியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். படுத்தால்தான் வலி தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். இரண்டு மணிக்கு விழிப்பு, அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. மருத்துவர் கொடுத்த மாத்திரை நண்பகல் வரை தலையைக் கிறங்க வைத்தது. பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது ஆகுமா? தூக்கிப் போட்டாள்.

நவம்பரில் ஒரு காலை, மலை மீதிருந்த ஹாட்ச் வீட்டு அஞ்சல்பெட்டியை அவள் தாண்டிப் போய்விட்டாள். கண் திறந்துதான் இருந்தது. அந்த யாரும் குடியேறாத ஊருக்குள் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாள், அவ்வளவுதான். கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தபோது ஹாட்ச் வீட்டு இரட்டைப் பெண்கள் சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாலை நடுவில். பின்னால் வேறு ஒரு வண்டி வந்திருந்தால்?

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஏறினார்கள். நோரீன் அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு முறை கண்ணாடியைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா நானே சாவியைக் குடுத்துருவேன்" என்றாள் சாயங்காலம்.

கிளின்ட் முதல் முறையாகக் கேலி செய்யாமல் அவளைப் பார்த்தான். "சாவியைக் குடுத்துட்டு? என்கூட உக்காந்து டிவி பாப்பியா?"

"அதுக்குத்தான் பயமா இருக்கு."

"அப்ப தூங்கறதுக்கு வழியப் பாரு. என் தோள்பட்டைக்கு நான் போட்டுக்கறேனே, அந்த எண்ணெய்."

அந்தப் பள்ளத்தாக்கில் எண்ணெய் என்றால் சிபிடி எண்ணெய்தான். கஞ்சாவின் சாதுவான தம்பி என்று சொல்லத்தக்க ஹெம்ப் செடியிலிருந்து எடுப்பது. போதை ஏறாது, வலி அடங்கும், தூக்கம் வரும் என்பார்கள். சுரங்கம் போன பிறகு பாதி ஊர் அதைத்தான் பயிரிட்டது. மீதிப் பாதி அதை நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டது. நாய்க்குக் கொடுத்தவர்களும் உண்டு. நாய்கள் நன்றாகத் தூங்கியதாகவே கேள்வி.

நோரீன் முதலில் முறையாகத்தான் போனாள். நாற்பது மைல் தள்ளி மாவட்டத் தலைநகரில் ஒரு கடை. மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் கல்லாவில் நின்றாள்.

"தூங்கறதுக்கு ஏதாவது குடு, கண்ணு."

"என்ன வேலை செய்யறீங்க மேடம்?"

"அது எதுக்கு உனக்கு?"

"வண்டி ஓட்டறவங்கன்னா கேட்டுக்கணும். வேலை செய்யற இடத்துல சிறுநீர் சோதனை உண்டா?"

நோரீனுக்குச் சுள்ளென்றது. முன்பின் தெரியாத பெண், மூத்திரத்தைப் பற்றிக் கேட்கிறாள். "ஸ்கூல் பஸ் ஓட்டறேன்" என்றாள் விறைப்பாக.

"அப்ப முழுச்செடிச் சாறு வேணாம். அதுல போதைச் சத்து ஒரு துளியாவது இருக்கும். தினமும் எடுத்தா உடம்புல தங்கிரும். பிரிச்சு எடுத்த சுத்தச் சரக்கு இது. அதையும் நான் சொல்றேன்னு நம்பாதீங்க. இதோ குப்பி மேல தொகுப்பு எண் இருக்கு பாருங்க, இதே எண் போட்ட ஆய்வகத் தாள் இருக்கான்னு பாருங்க. தேதியும் பாருங்க. தயாரிச்சவனே சோதிச்ச தாள் செல்லாது, வேற ஆள் சோதிச்சிருக்கணும். அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா? எடுத்தா டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. என்னைக் கேட்டா, சோதனை இருக்கற வேலைன்னா எதையுமே எடுக்காம இருக்கறதுதான் நல்லது மேடம்."

விற்க நிற்பவள் வாங்காதே என்கிறாள்! குப்பியைத் திருப்பிப் பார்த்தாள் நோரீன். கலிபோர்னியா என்று போட்டிருந்தது. அதோடு முடிந்தது கதை. ஆயிரம் மைலுக்கு அப்பால் முகம் தெரியாதவன் அடைத்த எண்ணெயைக் காகிதத்தை நம்பி வாங்குவதா? ஹேன்சன் ஃபோர்க்கில் அப்படி வழக்கமில்லை. அங்கே சாலையோர மேடையில் பீச் பழக்கூடை இருக்கும், பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். எடுப்பவர் எடுத்து, போடுவதைப் போட்டுவிட்டுப் போவார். எந்தக் கை விளைவித்தது என்று தெரிந்தால் போதும். அதற்கு மேல் கேட்பது அந்தக் கையைச் சந்தேகிப்பது.

அதனால் அவள் டெல்பர்ட் யோக்கமின் வீட்டுக்குப் போனாள். மூன்று வேலி தள்ளி இருக்கிற பக்கத்துத் தோட்டக்காரன். செர்ரி மரங்களைப் பிடுங்கிவிட்டு நாலு ஏக்கரில் ஹெம்ப் போட்டவன். மனைவி இறந்த பிறகு கொஞ்சம் குனிந்துபோனவன். அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் வெயிலில் குப்பிகள் பழுப்புத்தேன் நிறத்தில் வரிசையாக நின்றன. கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"உனக்கா? அடக் கடவுளே, முன்னாடியே கேக்க வேணாமா?" என்று இரண்டு குப்பிகளைத் தூக்கி அவள் கையில் வைத்தான். "ராத்திரி அரைச் சொட்டான், மூடியில இருக்கற இந்தக் குழாய்ல பாதி. நாக்குக்கு அடில. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். கிளின்ட்டுக்கு அதுவே பெரிய லாபம்."

"டெல்பர்ட், இதுல போதை கீதை..."

"சுத்தம். இரு, அரசாங்கத்து ஆளு வந்து சோதிச்ச தாளே இருக்கு." குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த காகிதத்தை எடுக்கத் திரும்பினான்.

அவன் கை அந்தத் தாளைத் தொடுவதற்கு முன் நோரீன் சொன்னாள், "அட விடுப்பா. உன்கிட்டப் போய் நான் தாள் பாக்கறதா?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. பேருந்தின் பல்லை இருபத்தாறு வருஷம் தினமும் பிடித்துப் பார்த்தவள், அந்த ஒரு நாள் மரியாதைக்காகக் கையை மடக்கிக்கொண்டாள்.

எண்ணெய் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் நாளே வலி எங்கோ பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தூக்கம் வந்தது, பஞ்சுக்குள் விழுகிற தூக்கம், கீழே தரையே இல்லாத தூக்கம். வருஷக்கணக்காக வராத கனவுகள் வந்தன. ஒரு கனவில் பதினேழாம் எண் பேருந்து பனிக்கு மேலே ஓசையில்லாமல் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வளர்ந்துபோன பிள்ளைகள் பழைய சின்ன உருவத்தில் ஏறினார்கள். வங்கிக்காரர் மூக்கொழுக ஏறினார். சிறைக்குப் போனவன் தன் மதிய உணவுப் பெட்டியை அவளிடம் காட்டினான். டெல்பர்டின் மனைவி கூட ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விழித்தபோது நோரீனின் கன்னம் ஈரமாக இருந்தது. துக்கமாக இல்லை. நன்றாகத் தூங்கிய உடம்புக்கு அழக்கூட வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காலை நாற்பது நிமிஷமும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஹாட்ச் வீட்டு அஞ்சல்பெட்டியை ஒரு நாளும் தாண்டவில்லை. குளிர்காலம் முழுதும் மலைப்பாதையில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டியபோது விரல்கள் சொன்னபடி கேட்டன. டெல்பர்டைப் பார்க்கும்போதெல்லாம், "நீ என் பஸ்ஸைக் காப்பாத்திட்டே" என்பாள். அவன் வெட்கப்பட்டுத் தொப்பியைக் கழற்றி மாட்டுவான்.

பிப்ரவரியில் கணினி அவள் பெயரைப் பொறுக்கியது. ஓட்டுநர்களில் யாரையாவது இப்படித் திடீரென்று எடுத்துச் சோதிப்பது விதி. அவளுக்கு இது ஆறாவதோ ஏழாவதோ முறை. பணிமனை மேற்பார்வையாளர் ஜோலீன் சிறுநீர் பிடிக்க ஒரு கோப்பையை நீட்டி, "உனக்கு இதெல்லாம் மனப்பாடம்" என்றாள். நோரீன் நிரப்பிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, மத்தியான நடைக்கு வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டினாள்.

நாலாம் நாள் தொலைபேசி வந்தது. சோதனை முடிவுகளைச் சரிபார்க்கிற ஒரு மருத்துவர், வேறு மாநிலத்திலிருந்து. குரல் மிருதுவாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"கஞ்சாவின் போதைச் சத்து தெரியுதும்மா. ஏதாவது மருந்துச் சீட்டு இருக்கா?"

"இல்லையே. நான் சிபிடி எண்ணெய்தான் எடுக்கறேன். அதுல போதை இல்ல."

"குப்பியில அப்படிப் போட்டிருக்கா?"

"போடல. குடுத்தவன் சொன்னான்."

"யார் சொன்னாலும் இது விளக்கமா ஏத்துக்க முடியாதும்மா. குப்பியில சுத்தம்னு அச்சடிச்சிருந்தாக்கூட ஏத்துக்க முடியாது. உடம்புல இருந்தா இருந்ததுதான். மன்னிச்சுக்கங்க."

ஜோலீன்தான் சாவியை வாங்கினாள். எட்டாம் வகுப்பு வரை அவளும் பதினேழில் வந்தவள். "திரும்பி வர வழி இருக்கு, நோரீன். ஆலோசனை, வகுப்பு, மறுபடி சோதனை. ஆனா..." என்று நிறுத்தி மேசையைப் பார்த்தாள். "இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள்ல இல்ல. இங்க ஒரு தடவைன்னா முடிஞ்சுது. விதி."

"அந்த விதிக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி" என்றாள் நோரீன். அது உண்மைதான். ஓட்டுநர் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

பணிமனையிலிருந்து நேராக டெல்பர்ட் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. சமையலறைக்குள் போய், குளிர்பெட்டியிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்தெடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் முறையாகப் படித்தாள். டெல்பர்ட் கையில் ரொட்டித் துண்டோடு எழுந்து நின்றான்.

தாள் பொய் சொல்லவில்லை. அரசாங்க ஆய்வாளர் வயலில் நின்ற செடியின் நுனியைக் கிள்ளிப்போய்ச் சோதித்தது. போதைச் சத்து வரம்புக்குள். தேதி, செப்டம்பர் பதினொன்று.

"எப்ப அறுத்தே?"

"அக்டோபர் நாலு."

"எண்ணெயை யாரு சோதிச்சா?"

"எண்ணெயையா?" அவன் விழித்தான். "செடியைத்தான் சோதிச்சாங்களே. அதே செடிதானே."

"இருபத்திமூணு நாள் டெல்பர்ட்! நாள் போகப் போக அதுல போதை ஏறும்னு உனக்குத் தெரியாதா? செடியைப் பிழிஞ்சு சுண்ட வச்சா அது இன்னும் கெட்டியாகும்னு தெரியாதா? ரெண்டு வாரத்துக்குள்ள அறுக்கணும்னு இந்தத் தாள்லயே போட்டிருக்கான், இதோ!"

"தெரியும்." அவன் ரொட்டியை மேசையில் வைத்தான். "அறுக்கறதாத்தான் இருந்தேன். அந்த ரெண்டு வாரம் நான் இங்க..." அவன் பார்வை ஜன்னல் வழியாக நோரீன் வீட்டுப் பக்கம் போனது.

நோரீனுக்கும் அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது. செப்டம்பரில் கிளின்ட்டுக்குத் தோளில் அறுவை சிகிச்சை. அவர்களுடைய பதினெட்டு ஏக்கரிலும் புல் அறுப்புக்கு நின்றது, மேற்கே மழை திரண்டு நின்றது. கூப்பிடாமலே தன் டிராக்டரோடு வந்தவன் டெல்பர்ட். அறுத்தான், உலர்த்தினான், கட்டினான், கொட்டகையில் அடுக்கினான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தன் வயலை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலங்களில் நோரீன் அவனுக்கு உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சி வறுவலும் போட்டு, "உன் வேலையெல்லாம் கெட்டுப்போகலையே?" என்று கேட்டிருக்கிறாள். "நிக்கற செடிதானே, நிக்கட்டும்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

கோபம் என்று ஒன்று இருந்தால் அதைப் போட ஒரு இடம் வேண்டும். அவளுக்கு இடமே இல்லை. அவனைத் திட்டினால் தன் கொட்டகையில் இருக்கிற புல்லைத் திட்ட வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மானம் வெட்கம் பார்க்காமல் அழுதாள். டெல்பர்ட் எதிரே நின்று தொப்பியைக் கையில் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் போய்ப் பள்ளிக்கூடத்துல சொல்றேன். என் தப்புன்னு."

"நீ தாளை எடுத்துக் காட்ட வந்தே. நான்தான் வேணாம்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நல்லா இருந்துச்சுங்கறது நேத்து சங்கதின்னு ஊரெல்லாம் சொன்னவ நான்."

மீதி இருந்த அறுபது குப்பிகளையும் அவன் அன்றே எருக்குழியில் கொட்டினான். அந்த வசந்தம் முழுதும் எருக்குழி பக்கம் போன கோழிகள் மிகவும் நிதானமாக நடந்தன என்று கிளின்ட் சொல்லித் திரிந்தான். அவன் வாயை அடைக்க யாரால் முடியும்?

நோரீன் வீட்டில் இருந்தாள். வலி பக்கத்து அறையிலிருந்து திரும்பி வந்தது. இப்போது எழ வேண்டிய அவசியமே இல்லாதபோதும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். ஆறேகாலுக்குச் சாலையில் பதினேழு போகும் சத்தம் கேட்கும். இரண்டாவது கியரைக் கொஞ்சம் சீக்கிரம் மாற்றுகிறான் புதியவன், அவளுக்குப் படுக்கையிலிருந்தே தெரியும். போர்வைக்குள் அவள் கால் தானாக அழுந்தும்.

அடுத்த அறுவடையில் டெல்பர்ட் ஒரு காரியம் செய்தான். கெடு தவறாமல் அறுத்து, எண்ணெய் எடுத்த பிறகு அந்த எண்ணெயையே வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, தொகுப்புக்கு ஒரு தாள் வாங்கினான். ஆனால் அந்தத் தாளை யாரிடம் எப்படிக் காட்டுவது, என்ன கேட்பது என்று அவனுக்குக் கூச்சம். தன் சாலையோர மேடையில் தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, நோரீன் வீட்டு வேலியருகே வந்து நின்றான்.

"நீ வந்து உக்காரேன்."

"நானா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கேள்வி கேக்க எனக்கு வராது."

அவள் போய் உட்கார்ந்தாள். முதல் நாளே குப்பிகளைச் சுற்றி வந்தாள். எண், தேதி, ஒரு சொட்டானில் எத்தனை மில்லிகிராம், தாளில் இருப்பதும் குப்பியில் இருப்பதும் ஒன்றுதானா. ஒரு குப்பியில் எண் அழிந்திருந்தது. தூக்கி உள்ளே வைத்தாள். வருகிறவர்களிடம் கூச்சமே இல்லாமல் கேட்டாள். வேறு என்ன மாத்திரை எடுக்கறே? கல்லீரல் எப்படி இருக்கு? வேலை செய்யற இடத்துல மூத்திரம் கேப்பாங்களா? பழகிய முகங்கள் முதலில் சுளித்தன. பிறகு அவள் ஏன் கேட்கிறாள் என்று ஞாபகம் வந்து, ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.

அக்டோபரில் ஒரு மாலை, வெயில் தோட்டங்களின் மேல் மஞ்சளாகச் சாய்ந்து, எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பது போல அசைந்த நேரம், மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் வெளியூர்க்காரன். கண்ணுக்குக் கீழே கருப்பு. அந்தக் கருப்பு என்னவென்று நோரீனுக்குச் சொல்லத் தேவையில்லை.

"தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்கம்மா. ரெண்டாவே குடுங்க."

"இந்த வண்டி உங்களுதா?"

"ஆமா. ஏன்?"

"சோதனை உண்டா?"

"எப்பவாவது. தாள்ல எல்லாம் வரம்புக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கு. நல்ல எண்ணெய். என் புருஷனுக்குக் குடுக்கறேன். உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

"என்னங்க இது, கடைக்காரங்களே..."

"வரம்புக்குள்ள இருக்கற துளிதான் தினம் தினம் சேர்ந்து கோப்பையில தெரியும். யாரு சொன்னான்னு கேக்க மாட்டாங்க. சாவியை வாங்கிக்குவாங்க." அவள் குரல் சற்றுத் தழைந்தது. "டாக்டர்கிட்ட போங்க. நான் ஓட்டறவன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் வலியைச் சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி நடந்தான். மேடைக்குப் பின்னால் கூடை அடுக்கிக்கொண்டிருந்த டெல்பர்ட் நிமிரவே இல்லை. கூடைகளை ஒரு முறை கலைத்து மறுபடி அடுக்கினான்.

நோரீன் எழுந்து லாரிக்காரன் பின்னாலேயே போனாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முன்சக்கரத்தை விரல் முட்டியால் தட்டினாள், பிறகு அடுத்தது, அடுத்தது. குனிந்து அடியில் பார்த்தாள். அவன் ஏறி விளக்குகளைப் போட்டதும் பின்பக்கம் சுற்றி மறுபுறம் வந்தாள்.

"வலப்பக்கம் பின்விளக்கு எரியல" என்றாள்.

அவன் இறங்கி வந்து, கம்பியை அசைத்துச் சரி செய்து, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். லாரி வளைவில் திரும்பி மலைப்பாதையில் ஏறும் வரை நோரீன் சாலையோரத்திலேயே நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும், ஸ்டீயரிங் பிடிக்கிற அகலத்தில், காற்றில் நின்றிருந்தன.